ஆறு குறைகள்

"மூணாவது வால்வு ஒட்டிக்கும். மேல போனா சத்தம் பிசிறும். கீழ வந்தா காத்துதான் வரும்," என்று கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள் மனைவி. "இன்னும் மூணு இருக்கு சார், படிக்கட்டுமா?"

வாங்க வந்து ட்ரம்பெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வங்கிக்காரர் அதைப் பத்திரமாக மேசையில் வைத்தார்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார். அவர் படியிறங்கிய வேகத்தைப் பார்த்தால் திரும்பி வருகிறவராகத் தெரியவில்லை.

கணவன் கதவைச் சாத்தினான்.

"இவரோட ரெண்டு பேர் ஓடியாச்சு. காது போகுது, வித்துத் தொலைங்கன்னு ஒண்ணரை வருஷமா என் உயிரை எடுத்த. சரி, உனக்காக விக்கலாம்னு பார்த்தா விக்கவும் விட மாட்டேங்கிற."

"நான் என்ன பண்ணட்டும்? தெரிஞ்ச குறையை மறைச்சு வித்தா, வாங்கினவர் பொருளை மூஞ்சில எறிஞ்சுட்டுப் பணத்தைக் கேப்பாரு. கடைக்காரங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. ஆப்ல விளம்பரம் போட்டு விக்கிற நமக்கும் அதேதான். இப்படி வாரத்துக்கு ரெண்டு வக்கீல் நோட்டீஸ் என் கையாலதான் அடிக்கிறேன்."

அவள் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வக்கீல்கூட அவ்வளவு சட்டம் பேசமாட்டார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறவன் நாலாவது மாடியில் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. முன்னொரு முறை லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்து, இடது கையில் கட்டோடு வீட்டில் கிடந்தபோது, வலது கையை வைத்தே சமாளிக்கலாம் என்று யாரோ சொல்ல, இந்த ட்ரம்பெட்டை வாங்கினான். கை குணமாகிவிட்டது. வாசிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

வங்கிக்காரர் போனதும் மனைவி அந்த ஆறு குறைகளையும் ஆப் விளம்பரத்திலேயே ஏற்றிவிட்டாள். மூன்றாவதாக வந்தவர் கல்யாண வீடுகளில் பேண்டு வாசிப்பவர். மனைவி தாளை எடுப்பதற்குள் கையைக் காட்டினார்.

"விளம்பரத்துலயே படிச்சுட்டேன் அக்கா. ஆறு குறை. ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கட்டுமா?"

வாய் வைத்து ஊதும் தன் சொந்த மவுத்பீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். கண்ணை மூடி ஊதினார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழே தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

"வால்வு வெண்ணெய் மாதிரி போகுது," என்றார் அவர். "அண்ணே, இதுல ஒரு குறையும் இல்லை."

"அப்ப நான் ஊதும்போது மட்டும் ஏன்?" என்று ஆரம்பித்த கணவன், பாதியில் புரிந்துகொண்டு நிறுத்திவிட்டான்.

"கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்," என்று பர்ஸைத் திறந்தார் பேண்டுக்காரர்.

கணவன் கையை நீட்டினான். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. சொன்ன விவரப்படி பொருள் இருக்கணும். ஆறு குறைன்னு போட்டிருக்கோம், ஒண்ணுகூட இல்லை. நாளைக்கு நீங்க கேஸ் போட்டா?"

"நல்லா இருக்குன்னு எவனாவது கேஸ் போடுவானா அக்கா?"

மனைவி தாளை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

"இன்னும் நாங்க சரின்னு சொல்லலை, பணமும் கைமாறலை," என்றாள். "அதுவரைக்கும் விக்கிறவங்க மனசு மாறலாம். அதுவும் எங்க உரிமைதான்."

கணவன் அவளையே பார்த்தான். "இதுல குறை இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? வாங்கின அன்னிக்குக் கடையில வாசிச்சுக் காட்டினாங்களே, நானும்தானே நின்னேன்."

"அப்ப அந்த ஆறும் பொய்யா?"

"இருக்கிற குறையை மறைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். இல்லாத குறையைச் சேர்க்கக் கூடாதுன்னு நான் எங்கயும் டைப் அடிச்சதில்லை."

பேண்டுக்காரர் சிரித்துவிட்டார். கணவன் சிரிக்கவில்லை.

"அப்புறம் எதுக்குடி தினமும் திட்டின?"

"கேக்க முடியலை, திட்டினேன். அது வேற." அவள் குரல் இறங்கியது. "நீங்க காலையில போனா எந்தக் குழிக்குள்ள தொங்குறீங்களோ தெரியாது. ஆபீஸ்ல போன் அடிச்சாலே டைப் அடிக்கிறதை நிறுத்திடுவேன். சாயங்காலம் ரெண்டாவது மாடி திரும்பும்போது இந்தக் கண்றாவிச் சத்தம் கேக்கும். அப்பத்தான் எனக்கு மூச்சு வரும். மனுஷன் இன்னிக்கும் முழுசா வந்து சேர்ந்துட்டாருன்னு. ஞாயித்துக்கிழமை நீங்க இதைப் பெட்டியில வெச்சுப் பூட்டினீங்க. நாலு நாளா மிச்ச ரெண்டு மாடியையும் ஓடித்தான் ஏறுறேன்."

கணவன் ட்ரம்பெட்டை எடுத்துத் தன் சட்டையால் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பேண்டுக்காரர் மவுத்பீஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இது விக்கிற சாமான் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். வாரம் ஒரு நாள் வாங்க, காசெல்லாம் வேணாம், ஆறே மாசத்துல பிரமாதமா வாசிக்க வெச்சுடறேன்."

கணவனின் முகம் மலர்ந்தது. மனைவியின் முகம் வெளுத்தது.

"அதெல்லாம் வேணாங்க," என்றாள் அவசரமாக. "இவர் நல்லா வாசிச்சா, வேற யாரோ ஊதுறாங்க, இவர் இன்னும் வரலைன்னு நெனைச்சு, நான் படியிலேயே உக்காந்துடுவேன்."