மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

துணை மின்நிலையத்தின் சுவிட்ச் யார்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஆபரேட்டரைப் பாதி வழியிலேயே மடக்கி, ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார் புதிய பணியாளர் அதிகாரி.

அரசாங்க மின் கடத்தல் நிறுவனம் அன்று காலை பத்து மணியோடு மூன்றாகிவிட்டதாம். கம்பிக்கு ஒரு கம்பெனி, கருவிக்கு ஒரு கம்பெனி, ஆட்களுக்கு ஒரு கம்பெனி. மூன்று பட்டியலிலும் ஆபரேட்டர் பெயர் இல்லை. கடிதம் அவரை 'உபரி' என்று மரியாதையாகவே குறிப்பிட்டிருந்தது.

இருபத்தாறு வருஷ வேலை. அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்ப அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டும் இன்னும் படித்து முடிக்கவில்லை. மனைவியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

பத்தே முக்காலுக்கு உள்ளே கூச்சல் கிளம்பியது.

பழுது பார்ப்பதற்காக விடியற்காலையில் நிறுத்திய லைனுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. வேலை பார்த்த ஆட்கள் இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, எப்போதோ கிளம்பிவிட்டார்கள். அந்த லைனில்தான் புதிய கம்பெனிகளின் திறப்பு விழா மண்டபமும் இருந்தது. 'இனி தடையில்லா மின்சாரம்' என்று பேச வந்த தலைவர், செத்துப்போன மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். லைனை நிறுத்தினால் கைப்பிடியில் 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று ஒரு சிவப்பு அட்டை மாட்டுவார்கள். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் வேலை போய்விடும்.

மாட்டியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கம்பிக் கம்பெனி, கைப்பிடி கருவிக் கம்பெனியுடையது என்றது. கழற்றுவது ஆள் செய்யும் காரியம் என்று கருவிக் கம்பெனி கையை விரித்தது. அப்படி ஓர் ஆளே தங்களிடம் இல்லை என்று ஆட்கள் கம்பெனி எழுதியே கொடுத்துவிட்டது. ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மூன்றும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதின.

கடைசியில் பொது மேலாளரே வேர்க்க விறுவிறுக்க ரோட்டைத் தாண்டி வந்தார். இத்தனை வருஷமும் "ஏம்ப்பா" என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"சார், கொஞ்சம் வந்து அந்த அட்டையை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க சார்."

ஆபரேட்டர் பேன்ட் பைக்குள் விட்ட கையை எடுக்கவேயில்லை.

"வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னு கேட்டுல எழுதியிருக்கே சார். நான் எந்தக் கம்பெனி ஆளா வர்றது?"

கால் மணி நேரத்தில் வேலை உத்தரவு வந்து சேர்ந்தது. மூன்று முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுந்தார்.

யார்டுக்குத் தனியாகத்தான் போனார். அந்த வெயிலில் கூட நடக்க ஒருவருக்கும் மனமில்லை. காலையிலிருந்தே வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கைப்பிடியில் எதுவும் தொங்கவில்லை.

கடிதம் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு, லைனைப் போடச் சொல்ல உள்ளே கிளம்பும்போது கழற்றிய சிவப்பு அட்டையை ஆபரேட்டர் பேன்ட் பையிலிருந்து எடுத்தார். தூரத்தில் நிழலில் நின்ற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, ரொம்பச் சிரமப்பட்டவர் போல முகத்தைத் துடைத்தபடி திரும்பி நடந்தார்.