திரும்பிப் போகிற டிக்கெட்

குடியேற்ற அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் முத்திரையை ஓங்கிக் குத்துகிறார். தையல் வேலைக்கு வந்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. "விசாவே வேணாம்மா. சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லி, திரும்பிப் போற டிக்கெட்டைக் காட்டு, விட்டுருவாங்க" என்று விமானத்தில் ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தது அச்சுப் பிசகாமல் நடந்துவிட்டது. பளபளக்கும் தரையில் பெட்டிச் சக்கரங்கள் கடகடக்கின்றன. ஏஜென்ட் அவள் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுக்கிறான். பிறகு செல்போனில் எதையோ தட்டுகிறான். "என்னண்ணே பண்றீங்க?" "உன் டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன். உள்ள வர்றதுக்குத்தானே அது?" "பொண்ணு பரீட்சைக்குள்ள வந்துடுறேன்னு சொல்லியிருக்கேண்ணே." அவன் தலை தூக்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். வந்த வழியின் கண்ணாடிக் கதவு ஓசையில்லாமல் மூடுகிறது. இந்தப் பக்கம் அதற்குக் கைப்பிடி இல்லை.