மாப்பிள்ளை மேல் கேஸ் உண்டா?

"பக்கத்து ஊரு வெற்றிவேலுங்க. ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் மாட்டினவரான்னு தெரியணும். அடுத்த மாசம் அவருக்கும் எனக்கும் கல்யாணம்."

ஸ்டேஷனில் ஏட்டம்மா சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. அவரோட சொந்த விஷயம்."

கூட வந்த அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாம்மா, போலாம். பையன் மூஞ்சப் பாத்தாலே தெரியல?"

போலீஸ் என்றாலே அப்பாவுக்கு நடுக்கம். நான் டிகிரி படித்ததே அப்படி நடுங்காமல் இருக்கத்தான்.

"எங்க மலைக்காரங்கள செம்மரக் கேஸ்ல புடிச்சா, வெட்டின கட்டையோட வரிசையா உக்கார வச்சு பேப்பருக்கு போட்டோ குடுக்கறாங்க. கட்டிக்கப் போறவ கேட்டா மட்டும் சொந்த விஷயமா?"

"அப்படிக் குடுக்கறதும் தப்புதான்."

"கேஸ் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. மழுப்பறீங்கன்னா இன்னாவோ இருக்கு. இந்தக் கல்யாணமே வேணாம்."

ஏட்டம்மா கோபப்படவில்லை. "போன வாரம் அந்த வெற்றிவேலும் இங்க வந்தாரு. பொண்ணோட அப்பா மேல கேஸ் இருக்குதான்னு கேட்டாரு. உனக்குச் சொன்ன பதிலத்தான் அவருக்கும் சொன்னேன். 'சரிங்க, நாளைக்குப் பூ வைக்கப் போறோம்'னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

"எங்கப்பா மேல ஒண்ணும் இல்லன்னு அவருகிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கலாமேங்க," என்று சிரித்தபடி திரும்பினேன்.

அப்பா என் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"சரிங்க," என்றேன் ஏட்டம்மாவிடம். "நாங்க வர்றோம்."