நாலாவது சிப்பி

அந்தச் சிப்பியைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளத்துரைக்கு 1946ஆம் வருஷத்து வியர்வை திரும்பிவரும். அவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் அந்தக் கேள்வியில் தோற்றிருந்தார்கள். அவன் திருச்செந்தூருக்கு மொட்டை நேர்ந்துகொண்டு தூத்துக்குடி வந்திருந்தான்.

மேசையில் சதுரமாக நான்கு சிப்பிகள். நடுவில் ஒரு முத்து.

"எல்லாத்துக்கும் ஒரே அளவு பாசிட்டிவ் சார்ஜ். முத்து எந்தப் பக்கம் போகும்?"

"எங்கனயும் போவாது. எதிரெதிர் சிப்பி தள்ளுதது சரிக்குச் சரியா நின்னுரும்."

கேள்வி கேட்டவரின் கை, தன் பக்கத்து மூலைச் சிப்பியை எடுத்துக்கொண்டது.

"இப்போ?"

அவன் காலியான மூலையிலிருந்து எதிர்மூலை வரை விரலால் கோடு இழுத்துப் பார்த்தான்.

"எதிர்ச்சிப்பி தள்ளுததைத் தடுக்க ஆளில்ல. முத்து உங்க பக்கமா வந்திரும்."

இன்டர்மீடியட் படித்த சண்முகவடிவு, எடுத்த சிப்பி கையிலிருக்க, முதல்முறையாகச் சிரித்தாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, இந்த மாப்பிள்ளையையே பேசி முடிங்க. சிப்பியை நான் வச்சுக்கிடுதேன்."