வைத்திலிங்கத்தின் தனி மழை

வானிலை அலுவலக வைத்திலிங்கம் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. சித்திரையில் ஊரே காய்ந்தபோதும் அது கணினியில் பதியும் கோப்பில் மட்டும் தினமும் காலையில் தூறல். கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி அதைப் பிரித்தெடுத்தவர், "எங்க தெருவுக்குத் தனி மழை சார்" என்று அலுவலகத்தில் அளந்து, கைதட்டலும் வாங்கிவிட்டார். நேற்றுதான் மாடியேறிப் பார்த்தார். மனைவி செங்கமலம் காயப்போட்ட போர்வை மழைமானிக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. தெருவே தினமும் பார்க்கிற காட்சிதான். கோப்பிலிருந்து அந்தத் தூறல் வரிகளை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். தட்டினார், என்டரை அழுத்தத்தான் கை வரவில்லை.

இன்று காலை மேலதிகாரியே அதிசயத்தைப் பார்க்கப் படியேறி வருகிறார்.

"சீக்கிரம் சொல்லுங்க, கொடியை மாத்திக் கட்டிடவா?" என்றாள் செங்கமலம்.

வைத்திலிங்கம் போர்வையின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இன்னைக்கு ஏன்டி இவ்வளவு இறுக்கிப் பிழிஞ்சே?"