காலிக் கட்டங்கள்

“அண்ணா, எவ்வளவு தட்டினாலும் சராசரி வர மாட்டேங்குது.” மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கும் தங்கை, போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

“எங்கயோ கட்டம் காலியா இருக்கும். ஒண்ணு இருந்தாலே ‘ஆர்’ சாஃப்ட்வேர் கணக்குப் போடாது. காலியா இருக்கிறதை விட்டுட்டுப் போடச் சொல்லு.” இதுகூடவா தெரியாது என்று அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“வந்துடுச்சு. புது மருந்து பிரமாதமா வேலை செய்யுதாம்.”

“பாத்தியா! ஆமா, கட்டமெல்லாம் ஏன் காலி?”

“கடைசி டெஸ்டுக்கு வர ஆள் இல்ல. செத்துட்டாங்க.”

அண்ணனின் சிரிப்பு நின்றது. “அப்ப அவங்களை எப்படி விட முடியும்?”

“மேனேஜர் விடத்தான் சொல்றார். எப்படி விடறதுன்னு எனக்கும் முன்னாடியே தெரியும். ஆனா அந்தக் காலிக் கட்டத்துல நம்ம அம்மாவும் இருக்காங்கண்ணா. நான் ஒருத்தியா அவங்களை நீக்க எனக்குக் கை வரல, அதான் உன்னைச் சொல்ல வெச்சேன்.”