ஒரே உலை

"உன் சோத்துக்கு நான் ஒண்ணும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கல. என் உலை வேற, உன் உலை வேற. டீச்சரம்மா, அப்படியே எழுதிக்குங்க."

லோகாம்பாள் கொல்லையிலிருந்து போட்ட சத்தம் வரிச்சிக்குடி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் முன்வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளுடைய தம்பி பெண்டாட்டி தனபாக்கியத்தின் அரிசியை நிறுத்துக்கொண்டிருந்தேன். தொங்கு தராசின் முள் அரைக் கிலோவைத் தொடாமலே லேசாக ஆடி நின்றது. புருஷன், பெண்டாட்டி, அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாசப் பிள்ளை, எல்லோருக்கும் அவ்வளவுதான். பார்க்கவே என்னவோ போலிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாசம். காவிரியில் தண்ணீர் பிந்தி வந்ததால் அந்த வருஷம் குறுவை இல்லை. சம்பாவில் களையெடுப்பும் முடிந்துவிட்டது. இனி தையில் அறுப்பு வந்தால்தான் கூலி.

நான் டீச்சர் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? கையில் பேனா வைத்திருக்கிற பெண் என்றால் இந்தப் பக்கத்தில் டீச்சர்தான்.

மெட்ராஸில் ஒரு பேராசிரியர் வறுமையை அளக்கிறார். பிஎச்.டி.க்கு முன்னால் கொஞ்ச காலம் அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராக மாரடிக்க வேண்டும். மனுஷன் திருப்திப்பட்டால்தான் இடம். ஜெயமேரி, நீ காரைக்கால்காரிதானே என்று இந்த ஊர்களை என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரம். அரிசி உலையில் விழுவதற்கு முன்னால் நான் நிறுத்தாக வேண்டும்.

பார்க்கலாம், நிறுக்கலாம், எழுதலாம். வீட்டு விவகாரத்தில் மட்டும் மூக்கை நுழைக்கக் கூடாது. நுழைத்தால் கணக்கு கெட்டுப்போகும், கெடுத்தவள் வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்.

அவருக்குக் குடும்பம் என்றால் ஒரே உலையில் பொங்கித் தின்கிறவர்கள். கூரை ஒன்றாக இருந்தாலும் உலை இரண்டானால் குடும்பமும் இரண்டு. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட லோகாம்பாள் கொல்லையில் தனியாகப் பொங்குவதால், அவள் ஒரு தனிக் குடும்பம்.

தனபாக்கியமும் லேசுப்பட்டவள் இல்லை.

"பொங்கித் தின்னுங்க அண்ணி, யாரு வேணாங்குறா?" என்று இங்கிருந்தே திருப்பிக் கொடுத்தாள்.

சண்டை எதற்கு என்று விசாரித்தேன். முறத்தைக் கிழித்தது யார் என்பதில் ஆரம்பித்ததாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு முறத்துக்காக வீட்டை இரண்டாக்குவார்களா?

தராசைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டி மூடியோடு கொதித்துக்கொண்டிருந்தது.

அரிசி போடும் முன்னால் கூப்பிடச் சொன்னேனே அக்கா என்று கோபித்துக்கொண்டே மூடியைத் தூக்கினேன்.

வரப்பில் பறித்த பொன்னாங்கண்ணி. உப்புத் தண்ணீர். அரிசி ஒன்றுகூட இல்லை.

லோகாம்பாள் என் கையைப் பிடித்தாள். இத்தனை நேரம் ஊரைக் கூட்டிய தொண்டையா இது என்று இருந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"சேர்ந்து உக்காந்தா தன் தட்டுல இருக்கறத என் தட்டுல தள்ளி விட்டுடுவா, டீச்சரம்மா. வாயும் வயிறுமா இருக்குறவ. சண்டைன்னா தள்ள மாட்டால்ல? அதான் முறத்த நானே கிழிச்சேன். அவகிட்ட சொல்லிப்புடாதீங்க."

என்னைப் பிடித்திருந்த விரல்கள் வெறும் எலும்பாக இருந்தன. எனக்கு அழுகை வந்தது.

பேசாமல் எழுதிக்கொண்டு போய்விட்டால் இவள் தை மாசத்தைப் பார்ப்பாளா? சொல்லிவிட்டால், பிள்ளைத்தாச்சியின் தட்டில் பாதிதான் மிஞ்சும். அதற்குப் பயந்து இவள் வேறு எங்காவது கிளம்பினாலும் கிளம்புவாள்.

பேராசிரியர் இதற்கு ஒரு வழியும் சொல்லித்தரவில்லை.

முன்வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவில் வந்து நின்றேன். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. நிறுக்கிற இந்த ஒரு வாரமும் ஒரு வீட்டில் ஒரு உலைதான் எரிய வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் தட்டில் போட்டதை அவரவரேதான் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

வாய் கூசாமல் சொன்னேன். உண்மையில் இப்படிச் சொன்னது தெரிந்தால்தான் என் வேலை போகும்.

கொல்லையில் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கும் ஓசை கேட்டது.

"டீச்சரம்மா பொழப்புக்காக வர்றேன். இவ சோத்துக்காக இல்ல" என்று கத்திக்கொண்டே லோகாம்பாள் கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தராசுத் தட்டைத் துடைத்துக் கொடுக்கிற சாக்கில் தனபாக்கியம் என் பக்கம் வந்தாள். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி பட்டினி கெடக்குறது எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா வீட்ட விட்டே போயிடுவாங்க. அதான் நானும் பதிலுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது.

பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வாரம் பத்தாதுங்க. அறுப்பு வரைக்கும் உத்தரவுன்னு சொல்லுங்க."